வாசகர் கேள்வி – பதில்: பெயர் விடுபட்ட பக்கம்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, பாடசாலைச் சஞ்சிகைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றியவை. எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்றாலும், நால்வருடைய மனத்தையும் அரிப்பது ஏறத்தாழ ஒரே கேள்விதான். எனவே பிற கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பக்கங்களை அவர்களுக்கே தருகிறேன்.

கேள்வி: நாங்கள் பதுளையிலிருந்து கொழும்புக்கு வந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. மகள் தரம் 10 இல் படிக்கிறாள். புதிய பாடசாலையில் சில பிள்ளைகள் அவளுடைய பேச்சைப் பழித்துக் காட்டியதிலிருந்து வகுப்பில் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். இவ்வருடம் தமிழ் ஆசிரியை அவளைப் பாடசாலை மலர்க் குழுவில் சேர்த்திருக்கிறார். நாலு பேர் முன்னால் பேசாத பிள்ளைக்கு இது எதற்கு என்று தோன்றுகிறது. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. சனியும் ஞாயிறும் பிரத்தியேக வகுப்புகளிலேயே போய்விடுகின்றன. விலகிவிடு என்று சொல்லட்டுமா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: விலகச் சொல்ல வேண்டாம், அம்மா. ஆனால் அவளுக்கு அந்தக் குழுவில் என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை ஆசிரியையிடம் நேரில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கதிரை அடுக்கவும், வெளியீட்டு விழாவன்று வாசலில் நின்று சந்தனமும் குங்குமமும் நீட்டவும் மட்டுமே என்றால், உங்கள் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஒரு பக்கமாவது அவளுடைய பொறுப்பில் இருக்கிறது என்றால், வகுப்பொன்றைக் குறைத்தாவது அவளை அங்கே இருக்க விடுங்கள்.

தன்னம்பிக்கை முதலில் பிள்ளைக்குள் ஊறி நிறைய வேண்டும், வேலையும் பொறுப்பும் அதற்குப் பிறகு வரட்டும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அதனால்தான் பேச்சுப் போட்டியில் பரிசெடுத்த பிள்ளையையே மலர்க் குழுவுக்கும், மாணவத் தலைவர் பதவிக்கும், வரவேற்புரைக்கும் திரும்பத் திரும்பத் தெரிவு செய்கிறோம். பேசாத பிள்ளை முதலில் பேசப் பழகட்டும் என்று ஒதுக்கி வைக்கிறோம். ஒதுக்கி வைத்த பிள்ளை எங்கே பழகும்? இருபது வருடங்களுக்கு மேலாகப் பாடசாலைச் சஞ்சிகைகளுக்குப் பொறுப்பாசிரியராக இருந்து நான் கண்டது, வேலை முன்னால் போக நம்பிக்கை அதன் பின்னால் வருவதைத்தான்.

இதை உளவியலும் சொல்கிறது. கனடாவிற் பிறந்து அமெரிக்காவிற் பேராசிரியராக இருந்த அல்பர்ட் பண்டூரா, 1977 இல் வெளியிட்ட ஓர் ஆய்வுரையில், ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கை ஒருவருக்கு நான்கு வழிகளிற் கிடைக்கிறது என்றார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடிப்பதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, அந்த வேளையில் தன் உடலும் மனமும் படும் பதற்றத்தைத் தான் எப்படி விளங்கிக்கொள்கிறோம் என்பது ஆகியவையே அவை. நான்கிலும் வலுவானது முதலாவது என்பது அவருடைய முடிவு. நாமோ மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘பயப்படாதே, பேசு’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பேச்சுக் கூச்சமுள்ள பிள்ளைக்குச் சஞ்சிகை வேலை ஏன் பொருந்துகிறது என்று கேட்டீர்களானால், அங்கே பேச்சுக்கு ஒரு பொருள் இருக்கிறது என்பேன். உங்கள் மகளிடம் ஒப்புநோக்கும் வேலையை ஒப்படைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கையெழுத்துப் பிரதியையும் அச்சுப் படியையும் அருகருகே வைத்துச் சொல் சொல்லாகப் பார்க்க வேண்டும். ‘அருகில்’ என்பதில் வல்லின றகரம் விழுந்திருக்கிறதா, ஒரு வகுப்பின் பெயர்ப் பட்டியல் முழுதாக இருக்கிறதா என்று கண்டுபிடித்து, கட்டுரை எழுதியவரிடம் போய், ‘இந்த இடத்தில் நீங்கள் நினைத்த சொல் எது?’ என்று கேட்க வேண்டும். அந்த வேளையில் எதிரில் நிற்பவர் அவளுடைய உச்சரிப்பைக் கவனிப்பதில்லை; தன்னுடைய கட்டுரையைக் கவனிக்கிறார். ஒரு மாதம் கழிந்தால், பழித்துக் காட்டிய பிள்ளையே தன் கவிதையைத் தூக்கிக்கொண்டு அவளுடைய மேசைக்கு வரும். அவளும் பதில் சொல்லியாக வேண்டும்.

இதை நான் துணிந்து சொல்வதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். நான் பத்தாம் ஆண்டில் படித்தபோது எங்கள் பாடசாலையில் தவணைக்கு ஒரு றோனியோச் சஞ்சிகை வெளிவந்தது. ஸ்டென்சில் தாளில் எழுத்தாணியால் எழுதி, மை உருளையில் ஏற்றிச் சுற்றி, பக்கம் பக்கமாக உலரவைத்து, நாங்களே கம்பியடித்து விற்போம். எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்தது. வாய் மட்டும் திறக்காது. அதனால் எழுதும் வேலை என்னிடம் வந்தது. விளையாட்டுப் போட்டி முடிவுகளை எழுதும்போது, நீண்ட தூர ஓட்டத்தில் முதலாவதாக வந்த மாணவனின் பெயரை விட்டுவிட்டேன். இரண்டாவது, மூன்றாவது பெயர்கள் இருந்தன, முதலாவது இல்லை. இதழ் வெளிவந்த மறுநாள் அந்த மாணவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். கோபப்படவில்லை. ‘அப்பா இரவு இரண்டு தரம் தேடிப் பார்த்தார்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

எங்கள் பொறுப்பாசிரியர் என்னை ஏசவில்லை, எனக்காக அவர் போய் மன்னிப்புக் கேட்கவுமில்லை. விற்காமல் இருந்த பிரதிகள் எல்லாவற்றிலும் அந்தப் பெயரைப் பேனாவால் எழுதச் சொன்னார். விற்ற பிரதிகளையும் தேடிப் போய் எழுதி வரச் சொன்னார். ஆறாம் ஆண்டிலிருந்து உயர்தர வகுப்பு வரை ஒவ்வொரு வகுப்பறை வாசலிலும் நின்று, ‘சஞ்சிகையில் ஒரு பெயரை நான் விட்டுவிட்டேன், உங்கள் பிரதியைத் தாருங்கள், எழுதித் தருகிறேன்’ என்று சொல்ல வேண்டியதாயிற்று. முதல் வகுப்பில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான்காவது வகுப்பில் ஒருவர், ‘உரத்துச் சொல்லுங்கள்’ என்றார், சொன்னேன். கடைசி வகுப்புக்குப் போனபோது, எனக்குப் பயமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளக்கூட நேரம் இருக்கவில்லை, ஏனென்றால் மணி அடிப்பதற்குள் இன்னும் பதினைந்து பிரதிகள் பாக்கியிருந்தன. அன்று வந்த குரல்தான் பிற்காலத்தில் என்னை ஆசிரியத் தொழிலில் நிறுத்தியது. அந்தப் பெயரை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் எழுதுவேன்.

உங்கள் மகளுக்கு இப்படியொரு பிழை நேர வேண்டும் என்று நான் விரும்பவில்லை. நேர்ந்தால் நீங்கள் போய்ச் சரிசெய்து கொடுக்காமல் இருங்கள் என்றுதான் கேட்கிறேன். வீட்டுக்கு வந்தவுடன் ‘இன்றைக்குப் பேசினாயா?’ என்றும் கேட்காதீர்கள்; ‘எந்தப் பக்கம் பார்த்தாய்?’ என்று கேளுங்கள், அச்சுப் படியைக் காட்டினால் உட்கார்ந்து வாசியுங்கள். வாரத்தில் இரண்டு நாள், பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம் என்று ஆசிரியையுடன் பேசி வைத்துக்கொண்டால் படிப்புக்கு இடைஞ்சல் வராது. அச்சுக்குப் போகும் வாரத்தில் மட்டும் கூடுதலாகும். அந்த வாரம் தவணைப் பரீட்சையோடு மோதாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியது பாடசாலையின் கடமை. பதுளையில் நீங்கள் பேசும் சொற்களில் கொழும்புப் பிள்ளைகள் அறியாதவை பல இருக்கும். அவளே விரும்பினால், அச்சொற்களுக்காக மலரில் ஒரு பக்கம் கேட்டுப் பார்க்கட்டும். அவள் வாயிலிருந்து அந்த விருப்பம் வரும்வரை நீங்களோ ஆசிரியையோ அதை முன்மொழிய வேண்டாம். புண் ஆறுவதற்கு முன் அதைக் காட்சிக்கு வைக்கச் சொல்வதாகிவிடும்.

கேள்வி: உயர்தரத்தில் கலைப்பிரிவில் படிக்கிறேன். எங்கள் தமிழ் மன்றம் வெளியிடும் மலருக்கு என்னை மலராசிரியராகத் தெரிவு செய்திருக்கிறார்கள். விளம்பரம் கேட்டு நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவுக்குப் போக வேண்டும். முன்னாள் அதிபர் ஒருவரை நேர்காணல் செய்யவும் வேண்டும். பெரியவர்களுக்கு முன்னால் நின்றால் கை குளிர்ந்து குரல் நடுங்குகிறது, மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோகிறது. தகுதியில்லாத இடத்தில் இருக்கிறேனோ என்று இரவில் யோசிக்கிறேன்.
— மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: மேலே பண்டூரா சொன்ன நான்காவது வழி உங்களுக்குரியது, மகள். கை குளிர்வதையும் குரல் நடுங்குவதையும் நீங்கள் ‘தகுதியில்லை’ என்பதற்கு அடையாளமாக வாசிக்கிறீர்கள். முக்கியமான ஒன்றைச் செய்யப் போகும்போது உடல் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்வதும் அப்படித்தான் இருக்கும். நடுக்கம் போன பிறகு போவோம் என்று காத்திருக்காமல், நடுங்கும் குரலோடும் தடையின்றிச் செய்யக்கூடியவாறு வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.

விளம்பரத்துக்குப் போகும்போது மனப்பாடத்தை விட்டுவிட்டுக் கையில் நான்கு பொருட்களைக் கொண்டு போங்கள்: அதிபர் கையொப்பமிட்ட வேண்டுகோள் கடிதம், சென்ற வருட மலர், பின்னட்டை முழுப்பக்கம் அரைப்பக்கம் என்று கட்டணம் குறித்த தாள், இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம். இவை மேசைக்கு வந்தவுடன் பாதிப் பேச்சை அவையே பேசிவிடும். தனியாகப் போகாதீர்கள், ஆசிரியை ஒருவரோ தோழியும் அவளுடைய பெற்றோரில் ஒருவரோ கூட வரட்டும், ஆனால் பேசுவது நீங்களாக இருக்க வேண்டும். ஆடிவேல் திருவிழா நாட்களிலும் தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் நகைக்கடைக்காரருக்கு மூச்சுவிட நேரமிராது. அந்தக் காலத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். முதற்கடை உங்கள் வீட்டார் வழக்கமாக நகை வாங்கும் கடையாக இருந்தால் நல்லது. மறுத்தவர்களின் பதிலையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ‘அடுத்த மாதம் வாருங்கள்’ என்பதைப் பலர் மறுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் அதே கொப்பியோடு போய் நின்று, ‘ஐயா, 12 ஆம் திகதி வரச் சொன்னீர்கள்’ என்று சொன்னால் பெரும்பாலான முதலாளிமார் சிரித்துக்கொண்டு அரைப்பக்கமாவது தருவதை நான் கண்டிருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, யாழ்ப்பாணத்தில் சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டிருந்த டொமினிக் ஜீவா, 1966 இல் மல்லிகை என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். இதழ்களைக் கையில் ஏந்திப் போய்த் தாமே விற்றார். பிற்காலத்தில் அச்சஞ்சிகை உங்கள் கொட்டாஞ்சேனை அடங்கிய கொழும்பு 13 இலிருந்தே வெளிவந்தது. முகம் கோணாமல் ஒரு பிரதியை நீட்டிக் கேட்பதும் இதழியலின் ஒரு பாதிதான் என்பதற்காக அவரை நினைவுபடுத்துகிறேன்.

நேர்காணலுக்குப் போகுமுன், இணையத்தில் உள்ள நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் திறந்து பாருங்கள். 2005 இல் தொடங்கிய அந்த முயற்சியில் ஈழத்துச் சஞ்சிகைகளோடு பாடசாலை மலர்கள் பலவும் பக்கம் பக்கமாகச் சேர்க்கப்பட்டுள்ளன. உங்கள் பாடசாலை மலர் அங்கே கிடைக்காவிட்டால் பாடசாலை நூலகத்தின் அடித்தட்டில் தேடுங்கள். அந்த அதிபர் பதவியிலிருந்த காலத்து மலரில் அவருடைய ஆசிச்செய்தியோ அறிக்கையோ இருக்கும். அதிலிருந்து உங்கள் முதற் கேள்வி வரட்டும். ‘அந்த வருட அறிக்கையில் புதிய ஆய்வுகூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதைக் கட்டி முடித்தது எப்படி?’ என்பது போன்ற கேள்வியைக் கேட்டால், அவர் உங்கள் குரலைக் கவனிக்க மாட்டார். அந்தக் காலத்துக்குப் போய்விடுவார். கேள்வித் தாளை மறைக்க வேண்டாம், திறந்து மடியில் வையுங்கள். ஒலிப்பதிவு செய்வதானால் அனுமதி கேளுங்கள். அவர் இடையில் மௌனமாக இருந்தால் நிரப்ப முயலாதீர்கள். நல்ல பதில்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். எழும்புவதற்கு முன் பெயர்களையும் வருடங்களையும் வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள்.

கேள்வி: எனக்குக் கதை எழுத விருப்பம். ஆனால் ண, ன, ர, ற எல்லாம் பிழைக்கும். எங்கள் வகுப்புச் சஞ்சிகைக் குழுவில் சேரலாமா? சிரிப்பார்களா?
— தரம் 9 மாணவன், மட்டக்குளி

பதில்: சேருங்கள், தம்பி. உங்களுக்கு அடிக்கடி பிழைக்கும் சொற்களை ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். பட்டியல் நீங்கள் அஞ்சுமளவு நீளாது, பெரும்பாலும் அதே முப்பது நாற்பது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். கணினி பழக்கம் இருந்தால் பக்க அமைப்பிலும் உதவலாம். நம் அச்சகங்களிற் சிலவற்றில் இன்னும் பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவே புழங்குகிறது. அதை இன்று பொதுவாக வழங்கும் யுனிகோட் முறைக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து போவதும், ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் தனித்தனியே நிற்பதும் உண்டு. அவற்றைத் தேடிப் பிடிக்கும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர் பிழையைத் தேடத் தொடங்கிய பிள்ளைக்குத் தன் பிழையும் கண்ணில் படத் தொடங்கிவிடும். முதல் இதழில் யாராவது சிரித்தால், அவரிடமே உங்கள் கதையைக் கொடுத்துப் பிழைகளுக்குக் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: பாடசாலை மலரில் என் பெயரோடு ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அதில் ஒரு வசனம்கூட என்னுடையது இல்லை. பொறுப்பாசிரியர் முழுவதையும் மாற்றி எழுதிவிட்டார். உறவினர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, இனி எழுதவும் மனமில்லை. இது நன்றிகெட்ட எண்ணமா?
— தரம் 11 மாணவன், தெமட்டகொடை

பதில்: நன்றிகெட்ட எண்ணம் இல்லை. உங்களுடையதல்லாத ஒன்றுக்கு வரும் பாராட்டு உங்களைச் சேராது என்பதை உங்கள் மனம் சரியாகவே உணர்ந்திருக்கிறது. அந்த உணர்வை இழந்துவிடாதீர்கள்.

இங்கே நான் சக ஆசிரியர்களிடமும் பேச வேண்டும். நாம் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. மலர் அதிபரின் மேசைக்கும், பழைய மாணவர் சங்கத்துக்கும், வலயக் கல்வி அலுவலகத்துக்கும் போகும். பாடசாலையின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்ற அச்சத்தில், இரவோடிரவாகப் பிள்ளைகளின் கட்டுரைகளை நாமே எழுதி முடித்துவிடுகிறோம். நானும் தொடக்க வருடங்களில் அப்படிச் செய்திருக்கிறேன். மலர் அழகாக வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் அடுத்த வருடம் கட்டுரை கொண்டு வரவில்லை. ஏன் என்று விளங்க எனக்கு நெடுங்காலம் எடுத்தது.

முதலாம் உலகப் போரில் காயமடைந்து திரும்பிய செலஸ்தன் பிரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர், 1924 இல், தெற்குப் பிரான்சில் பார்-சூர்-லூ என்ற கிராமத்துப் பாடசாலையில் ஒரு சிறிய கை அச்சு இயந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதினார்கள். எதை அச்சிடுவது என்பதை வகுப்பே வாக்களித்துத் தீர்மானித்தது. தெரிவான எழுத்தை எல்லோருமாக, எழுதிய பிள்ளையையும் வைத்துக்கொண்டே திருத்தினார்கள். பின்னர் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடித்து, வேறு பாடசாலைகளுக்கும் அனுப்பினார்கள். திருத்தம் அங்கேயும் நடந்தது, ஆனால் எழுதியவர் இல்லாத இடத்தில் நடக்கவில்லை. நாமும் அதையே செய்யலாம். சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ‘இதை இன்னும் விளக்கு’, ‘இது எங்கே நடந்தது?’ என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தால், பிள்ளை இரண்டாம் படியைத் தானே எழுதும். பத்துக் கட்டுரைக்குப் பதிலாக ஆறு கட்டுரைதான் மலரில் வரும். வரட்டும்.

தம்பி, நீங்கள் செய்யக்கூடியது இது. மலர் வேலைகள் ஓய்ந்த ஒரு நாளில் உங்கள் முதற்படியை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் தனியே போங்கள். ‘சேர், என் கட்டுரையை நீங்கள் நன்றாக ஆக்கியிருக்கிறீர்கள். அடுத்த முறை நானே அப்படி எழுத விரும்புகிறேன். இதில் எந்த இடங்கள் பலவீனம் என்று காட்டுவீர்களா?’ என்று கேளுங்கள். மாணவன் இப்படி வந்து கேட்டால் முகம் சுளிக்கும் ஆசிரியரை நான் அதிகம் கண்டதில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்தபின் உங்களுக்குச் சிறிது ஓய்வு கிடைக்கும். அப்போது நண்பர்கள் மூவரைச் சேர்த்து ஒரு கையெழுத்துச் சஞ்சிகை செய்து பாருங்கள். நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக நடுவில் மடித்தால் பதினாறு பக்கங்கள் வரும், செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டாது. கடைசி இரண்டு பக்கங்களை வெறுமையாக விட்டு, வாசித்தவர்கள் தங்கள் கருத்தை எழுதச் சொல்லி, ஒரே பிரதியை வீடு வீடாகச் சுற்ற விடுங்கள். அந்தப் பக்கங்களில் வரும் கண்டனம்கூட உங்கள் எழுத்துக்கு வந்ததாக இருக்கும்.

உங்கள் முதற்படியைக் கிழித்துவிடாதீர்கள். விரும்பினால் ஒரு நகலை இந்தப் பகுதிக்கு அனுப்பி வையுங்கள். நான் திருத்த மாட்டேன். ஓரத்தில் கேள்விகளை மட்டும் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.